ஊர்வாயும் இலக்கிய வகுப்பறையும்

க.பொ.த. உயர்தரத்திலே தமிழை ஒரு பாடமாக எடுத்த மாணவர் எவரையேனும் அழைத்து, சங்க இலக்கியத் தலைவியின் பண்புகள் யாவை என்று வினவிப் பாருங்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுவார். நாணம் என்றால் என்ன என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் சிறிது தயங்கி, வெட்கம் என்பார். எதற்காக வெட்கம், யார் முன்னிலையில் வெட்கம் என்று மேலும் கேட்டால் விடை வராது. குறை மாணவருடையதன்று. அந்த வினா வகுப்பறையில் எழுப்பப்படுவதே இல்லை.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் கற்பிக்கின்ற ஒருவர் நாணத்தையும் பழியையும் தொடாமல் ஒரு தவணையைக்கூட முடித்துவிட முடியாது. அகப்பாடல் என்றால் தலைவியின் நாண். புறப்பாடல் என்றால் வீரனின் மானம். குறளில் நாணுடைமைக்கு ஓர் அதிகாரம், மானத்துக்கு ஓர் அதிகாரம், நாணுத்துறவுரைத்தலுக்கு ஓர் அதிகாரம், அலரறிவுறுத்தலுக்கு இன்னோர் அதிகாரம். நவீன சிறுகதைக்கு வந்தாலோ, ‘நாலு சனம் என்ன சொல்லும்’ என்ற அச்சத்தை எடுத்துவிட்டால் பாதிக் கதைகளுக்குக் கருவே இல்லை. இவ்வளவு இருந்தும் நாம் கற்பித்துக்கொண்டிருப்பது நாணப்படுபவரின் பண்பை மாத்திரமே. நாணப்படுத்துபவரின் பண்பை நாம் கற்பிப்பதில்லை. தீர்ப்புச் சொல்லுகின்ற ஊர், பாடலிலும் கதையிலும் ஒரு பாத்திரமாகவே நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பாத்திரப் பண்பு எழுதுக என்று எந்த வினாத்தாளும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதனை ஓர் இலக்கியக் குறைபாடாக மாத்திரம் கருதி நான் எழுதவில்லை. பத்திரிகைச் செய்தி மேசையில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு சொற்றொடர் நன்கு பழக்கம்: ‘அவமானம் தாங்காது’. பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் அது அச்சுவார்த்ததுபோல வந்துகொண்டே இருக்கும். பரீட்சைப் பெறுபேறு வெளியான வாரத்தில் வரும். கைத்தொலைபேசியில் எடுத்த படமொன்று பாடசாலை முழுவதும் சுற்றிவந்த பின்னர் வரும். பஸ் தரிப்பிடத்தில் ஒருவனோடு கதைத்துக்கொண்டு நின்றதை உறவினர் ஒருவர் கண்டு வீட்டிலே சொன்ன பின்னர் வரும். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது. பின்னர் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. அதற்குப் பிரதான காரணம் கொடிய விவசாய இரசாயனங்கள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே. ஊரின் வாய் இனிமையடைந்து விட்டது என்பதற்கு அதில் எந்தச் சான்றும் கிடையாது. முன்பு ஊர்க் கிணற்றடியோடு நின்ற பேச்சு இப்போது முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் கடல் கடந்து ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள மாமன் மாமியரைச் சென்றடைந்து, அங்கிருந்து தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வருகிறது. இந்தச் சூழலில் வாழ்கின்ற பிள்ளைக்கு நாணத்தைப் பற்றி வகுப்பறையில் என்ன சொல்லப்படுகிறது என்பது சிறிய விடயமன்று.

வேடிக்கை என்னவென்றால், இவ்விடயத்தில் நமது பழைய இலக்கியம் நமது பாடக்குறிப்புகளை விடப் பல மடங்கு முதிர்ச்சி உடையது. ஊர்ப்பேச்சுக்கு ஒரு சொல் போதாதென்று இரண்டு சொற்களை ஆக்கிக்கொண்ட மொழி இது. அம்பல் என்பது மொட்டு நிலை: சிலர் தமக்குள்ளே முணுமுணுப்பது, வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பினால் உணர்த்துவது. அலர் என்பது மலர்ந்த நிலை: பலரறியப் பேசுவது. வதந்தியின் வளர்ச்சியை மொட்டு என்றும் பூ என்றும் கூறுபோட்டுப் பார்த்த நுட்பத்தை மாணவருக்கு எடுத்துச் சொன்னால் அவர்கள் கண்கள் விரியும். ஏனென்றால் அம்பல் எது, அலர் எது என்பதைத் தமது வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலே நாள்தோறும் கண்டுகொண்டிருப்பவர்கள் அவர்கள்.

நற்றிணையின் 149ஆம் பாடல் உலோச்சனார் பாடியது. தெருவிலே பெண்கள் ஆங்காங்கே கூடி நிற்கிறார்கள். கடைக்கண்ணால் ஒரு பார்வை. மூக்கின் நுனியிலே சுட்டுவிரல். அந்த விரலை நான் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் கண்டிருக்கிறேன், கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் மின்தூக்கி வாசல்களிலும் கண்டிருக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் அந்த விரல் மூக்கிலிருந்து இறங்கவில்லை. பேச்சைக் கேட்ட தாய் சிறுகோலை எடுத்து மகளை அடிக்கிறாள். தோழி என்ன சொல்லுகிறாள்? நள்ளிரவில் தேரேறி வரும் தலைவனோடு போய்விட எண்ணுகிறேன், இந்த ஆரவார ஊர் அலரைச் சுமந்துகொண்டு இங்கேயே கிடக்கட்டும் என்கிறாள். பழி, பேசப்பட்டவளிடமிருந்து கழன்று பேசியவர்களின் தலையில் ஏறுகிறது. அலர் என்பது ஊர் சுமக்கவேண்டிய சுமை. இவ்வளவு துணிவான ஒரு திருப்பத்தை வைத்துக்கொண்டு, நாம் அதற்குத் திணை நெய்தல், கூற்று தோழி கூற்று என்று குறித்துக்கொடுத்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம்.

குறளிலும் அப்படித்தான். ஊராரின் பேச்சை எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல்லை நீராகவும் உண்டு காதல் நோய் வளர்கின்றது என்று அலரறிவுறுத்தலிலே வள்ளுவர் சொல்லுகிறார். அடக்குவதற்காக ஏவப்பட்ட பேச்சு, அடக்க முனைந்ததையே வளர்த்துவிடும் முரணைச் சமூகவியலாளர் இன்று பல பக்கங்களில் எழுதுவார்கள். அவர் ஒன்றே முக்கால் அடியிலே முடித்துவிட்டார். வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரோ குறுந்தொகை 149இல் நாணத்தைப் பார்த்து இரங்குகிறார். கரும்பு வயலின் ஓரத்திலே கட்டிய சிறிய மணலணை வெள்ளம் நெருக்க நெருக்கக் கரைவதுபோல, இவ்வளவு காலம் எம்மோடு இருந்து வருந்திய நாணம் இனி எம்மிடம் தங்காது என்கிறார். நாணம் இங்கே எதிரியுமன்று, அணிகலனுமன்று. கூடவே இருந்து களைத்துப்போன ஒரு தோழியைப்போல வழியனுப்பப்படுகிறது. தொல்காப்பியர்கூட உயிரினும் நாணம் சிறந்தது என்று சொன்ன கையோடு, அந்த நாணத்தினும் கற்பே சிறந்தது என்று சொல்லித் தலைவி நாணத்தைக் கடந்து செல்வதற்கு ஒரு வாயிலைத் திறந்துதான் வைத்திருக்கிறார். கற்பு என்ற கருத்து பின்னாளில் என்னவாக்கப்பட்டது என்பது வேறு கதை. இங்கே நான் சொல்லவருவது, நாணமே முடிந்த முடிவு என்று மரபு சொல்லவில்லை என்பதைத்தான். பண்புப் பட்டியலாகச் சுருக்கியவர்கள் நாமே. தொல்காப்பியத்தில் அச்சம், நாண், மடன் என மூன்றுதான் உள்ளன. நான்காவதாகிய பயிர்ப்பு பின்வந்தோர் சேர்த்தது என்பதைத்தானும் எத்தனை ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மடலேறுதல் பற்றிய பாடல்களை நான் ஆசிரியராக இருந்தால் ஒரு வாரம் முழுவதும் நடத்துவேன். பனங்கருக்கினால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூமாலை சூடி, தலைவியின் பெயரையோ உருவையோ ஊர் காண ஏந்திக்கொண்டு தெருவிலே வருகிறான் தலைவன். தன்னைத்தானே பகிரங்கமாக அவமானப்படுத்திக்கொண்டு, அந்த அவமானத்தையே ஆயுதமாக்கிப் பெண்ணைப் பெறுகின்ற தந்திரம். காதலின் உச்சம் என்று பாடக்குறிப்பு எழுதும். இன்றைய மாணவி ஒருத்தி அதனைப் படித்தால் என்ன நினைப்பாள்? ‘நீ சம்மதிக்காவிட்டால் என்னை நானே அழித்துக்கொள்வேன், ஊர் உன்னைத்தான் பேசும்’ என்று குறுஞ்செய்தி அனுப்பும் இளைஞனை அவள் அறிவாள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அகமரபின் நாடக வழக்கு வேறு, நடப்பு வாழ்வு வேறு. ஆனால் அந்த ஒப்பீட்டை அவள் வாய்திறந்து சொல்ல வகுப்பறையில் இடம் இருக்கவேண்டும். பெண் மடலேறுதல் மரபன்று என்று இலக்கணம் விலக்கியதையும், திருமங்கையாழ்வார் தம்மைப் பெண்ணாகப் பாவித்துத் திருமடல்கள் பாடி அந்த விலக்கை மீறியதையும் அதே பாடத்தில் வைத்துப் பேசலாம். அவமானத்தை ஆயுதமாக்கும் உரிமைகூட ஆணுக்கு மட்டுமே இருந்தது என்பது அப்போதுதான் துலங்கும்.

இனி, இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு, நாணம் என்பதே ஒழிக்கப்படவேண்டிய ஒரு விலங்கு என்று நான் சொல்லவருவதாக நண்பர்கள் சிலர் முடிவுசெய்துவிடக் கூடும். அவ்வாறு சொல்லும் எழுத்துகள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அதிலே உடன்பாடில்லை. பொதுப்பணத்தை விழுங்கிவிட்டு மறுதேர்தலிலே மாலையோடு வந்து கைகூப்புகின்ற அரசியல்வாதிகள் நிறைந்த நாட்டிலே, நாணம் குறைவாக இருக்கிறது என்று கவலைப்படவேண்டியவர்களே நாம். இந்தச் சிக்கலை அவிழ்த்துத் தருபவரும் வள்ளுவர்தான். நாணுடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே அவர் கோடு கிழித்துவிடுகிறார்: தகாத செயல் காரணமாக நாணுவதே நாணம், அழகிய நெற்றியையுடைய மகளிரின் நாணம் வேறு வகையானது. அதே அதிகாரத்தில் பிறருக்கு வரும் பழிக்கும் தமக்கு வரும் பழியைப்போலவே நாணுபவர்களை நாணத்தின் உறைவிடம் என்கிறார். ஆக, நாணம் என்பது செய்த செயலைக் கண்டு கூசுவது. பிறர் நாவைக் கண்டு கூசுவதற்கு அவர் இந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பதினேழு வயதிலே தெளிவாக உணர்ந்துகொண்ட பிள்ளை, உயர்தரத்தில் எத்தனை புள்ளி பெற்றாலும் இலக்கியம் கற்றவர்தான்.

பாண்டியன் நெடுஞ்செழியனை இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். அரசவையிலே சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் அவனைப் பற்றி ஊர் எதுவும் பேசியிருக்கவில்லை. அவனை எவரும் இகழவில்லை. கண்ணகி ஒருத்தியின் வழக்கு. அவன் விரும்பியிருந்தால் காவலரைக் கொண்டு அவளை வெளியேற்றியிருக்கலாம். தன் செயலின் பொருள் தனக்கே விளங்கியபோது அவன் வீழ்ந்தான். அது முதலாம் வகை நாணம். எதிர்ப்புறத்தில் இராமாயணத்தின் உத்தரகாண்டத்தை வைத்துப் பாருங்கள். நகர மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒற்றர் வந்து சொன்ன பேச்சுக்காகக் கருவுற்ற மனைவி காட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கணவன் ஐயுறவில்லை, ஊர் ஐயுற்றது, அது போதும். கம்பன் இந்தப் பகுதிக்கு வராமலே தன் காவியத்தை முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டான். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்திலே, தீக்குளிப்பைக் கேள்வியுற்ற அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். அங்கே உலகத்துக்கு நிரூபிக்கவேண்டும் என்ற அந்த ஒரு நியாயந்தான் அகலிகையைக் கல்லாக்குகிறது, முனிவரின் சாபமன்று.

மானம் அதிகாரத்துக் கவரிமா பற்றிய குறளைக் கற்பிக்கும்போது ஆசிரியர்கள் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். (பலரும் ‘கவரிமான்’ என்று சொல்லுகிறார்கள், வள்ளுவர் சொன்னது கவரிமா. இமயச் சாரலிலே வாழும் சடைமுடி விலங்கு என்பர், மானன்று.) மயிர் நீங்கினால் உயிர்வாழாத விலங்கை ஒத்தவர்கள் மானம் இழக்க நேர்ந்தால் உயிர்விடுவர் என்ற கருத்தை, முந்திய நாள் பெறுபேறு வந்து மூன்று பாடங்களில் சித்தியெய்தாத மாணவன் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற நினைவு இல்லாமல் விளக்குதல் ஆகாது. அந்த அதிகாரத்தின் மற்றக் குறள்களோடு சேர்த்துப் படித்தால், வள்ளுவர் பேசுவது வாழ்வதற்காகக் குடிப்பெருமைக்குத் தகாத இழிசெயலைச் செய்யத் துணிபவரைப் பற்றி. பிறர் இகழ்ந்ததைப் பற்றியோ பரீட்சையில் தோற்றதைப் பற்றியோ அன்று. தன் செயலால் வருவதே அங்கும் அளவுகோல். அதனை விளக்காமல், தனிக்குறளாக எடுத்து மானமே பெரிது என்று முழங்குவது வகுப்பறைக்கு ஆபத்தான அலங்காரம்.

புறநானூற்று 278ஆம் பாடலுக்கும் இதே கதிதான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரிலே புறங்கொடுத்தான் என்று கேள்வியுற்ற முதிய தாய், அது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள். மறக்குடி மகளிரின் மாண்பு என்று இதனை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! 1980கள் தொடங்கி 2009 வரையிலான மூன்று தசாப்தங்களில் இந்த மண்ணிலே இந்தப் பாடல் வெறும் பாடலாக இருக்கவில்லை. தாய்மாரையும் மைந்தரையும் கூச்சப்படுத்திக் களத்துக்கு அழைக்கின்ற குரலாகவும் அது ஒலித்தது. ஆனால் அப்பாடலில் நமது கண்ணுக்குத் தப்பிவிடும் இரண்டு சொற்கள் உள்ளன. பலர் கூறினார்கள். அவ்வளவுதான் சான்று. பலர் கூறியது பொய் என்பதைப் பாடலின் முடிவே காட்டுகிறது. மகன் ஓடவில்லை. ஊர் பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் பொய்யை நம்பி ஒரு கிழவி தன் உடலையே அறுக்கத் துணிந்து பிணங்களுக்கிடையே அலைந்திருக்கிறாள். அந்தப் பொய்யைச் சொன்ன பலர் யார்? அவர்கள் களத்துக்குப் போனார்களா? இந்த வினாவை ஒரு மாணவர் கேட்டாரென்றால் அவருக்கு நான் முழுப்புள்ளி வழங்குவேன். போர் முடிந்து புனர்வாழ்வு பெற்று ஊர் திரும்பிய முன்னாள் பெண் போராளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்த எவருக்கும் இந்த வினா அந்நியமாக இராது. நேற்றுவரை வீரமங்கை என்று மாலையிட்ட அதே ஊர் மறுநாள் கடைக்கண்ணால் பார்த்தது. விரல் மீண்டும் மூக்கிற்கு ஏறியது.

நவீன இலக்கியத்திலே இதைக் கற்பிக்க ஜெயகாந்தனைப் போல வசதியானவர் வேறெவருமில்லை. 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழைநாளில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற கல்லூரி மாணவி, காரில் ஏறிக்கொள்ளுமாறு அழைத்த ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையிலே நீரை ஊற்றி, நீ தூய்மையாகி விட்டாய் என்கிறாள். விடயம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பின்னர் அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலிலே அதே சம்பவத்தை எடுத்து, தாய் வாய்விட்டு அலறி, அது அயலுக்குத் தெரிந்து, தமையன் வீட்டை விட்டு வெளியேற்றுவதாக மாற்றினார். கங்காவின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு மாலைப்பொழுதின் நிழலிலே கழிகிறது. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. நடந்த சம்பவம் ஒன்று. மாறியது ஒரேயொரு காரணி: யார் காதில் விழுந்தது என்பது. அந்தப் பெண்ணின் குற்றமோ குற்றமின்மையோ இரண்டு பிரதிகளிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது. இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு பாடவேளை பேசினால், பழி என்பது செயலில் இருக்கிறதா, செவியில் இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நண்பர் ஒருவர் இச்சிறுகதையை வகுப்பில் வாசித்த அனுபவத்தை என்னிடம் சொன்னார். கதை முடிந்ததும் மாணவரிடமிருந்து எழுந்த முதலாவது கேள்வி, ‘அவ ஏன் சேர் காரிலை ஏறினவ?’ என்பதுதானாம். கேட்டது ஒரு மாணவி. காரோட்டி வந்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று பாடவேளை முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை. நண்பர் அதற்கு விடை சொல்லவில்லை. நீர் கேட்ட கேள்வியைக் கதைக்குள்ளே யார் யார் கேட்பார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வாரும் என்று மாத்திரம் சொல்லி அனுப்பினாராம். மறுநாள் வந்த பட்டியலில் அயலவர், உறவினர், பாடசாலைத் தோழியர் என்று பலர் இருந்தனர். கடைசியில் அந்த மாணவி தன்னையும் சேர்த்திருந்தாள். எனக்குத் தெரிந்தமட்டில் இதைவிடச் சிறந்த இலக்கிய வகுப்பு இந்நாட்டில் அண்மையில் நடக்கவில்லை.

ஈழத்துப் படைப்புகளுக்கு வந்தால் இன்னொரு வகைப் பழியைச் சந்திக்கிறோம். எந்தச் செயலும் செய்யாமலே, பிறந்ததனால் மாத்திரம் சுமத்தப்பட்ட பழி. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியையும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலையும் வாசிக்காமல் யாழ்ப்பாணத்திலே நாணம், மானம், மரியாதை ஆகிய சொற்கள் எவ்வாறு இயங்கின என்பதை ஒரு பிள்ளை அறிந்துகொள்ள முடியாது. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தும், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்கும் போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தவை ஏட்டிலே உள்ளன. தேநீர்க்கடையிலே வேறாக வைக்கப்பட்ட குவளை, ஒருவனை நாளுக்கு மூன்று முறை நாணச் செய்வதற்கான கருவி. அதிலே நாணவேண்டியவர் குடித்தவரா, ஊற்றிக்கொடுத்தவரா? வள்ளுவரின் அளவுகோலை இங்கே வைத்தால் விடை ஒன்றுதான்.

ஆயினும் இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கதையில் வரும் சாதியைச் சேர்ந்த பிள்ளை வகுப்பிலே இருக்கும். கங்காவுக்கு நேர்ந்தது நேர்ந்த பிள்ளையும் இருக்கக்கூடும். அது எவருக்கும் தெரிந்திராது. ‘உங்கள் வாழ்வில் நீங்கள் அவமானப்பட்ட சம்பவமொன்றை எழுதுக’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுப்பது புதுமையான கற்பித்தல் முறை என்று எண்ணிச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது இன்னுமொரு மடலேற்றம். இலக்கியத்தின் பெரும் வசதியே, தன்னைப் பற்றிப் பேசாமல் தன்னைப் பற்றிப் பேச இடமளிப்பதுதான். நற்றிணைத் தோழியைப் பற்றிப் பேசும் மாணவி தன்னைப் பற்றிப் பேசுகிறாளா என்று ஆசிரியர் துருவக்கூடாது.

அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளிலே நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வரும் நாவலொன்று உண்டு. 1850இல் நதானியேல் ஹோதோர்ன் எழுதிய ‘த ஸ்கார்லெட் லெட்டர்’. திருமண உறவுக்கு வெளியே குழந்தை பெற்ற ஹெஸ்டர் என்ற பெண், மார்பிலே செந்நிற எழுத்தொன்றை வாழ்நாள் முழுவதும் அணிந்திருக்கவேண்டுமென்று ஊர் தீர்ப்பளிக்கிறது. குழந்தையின் தந்தையான போதகர் ஊராரின் மதிப்பிலே உயர்ந்துகொண்டே போகிறார். உள்ளே அரித்துச் சாகிறார். இந்நாவலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி நாவலுக்கு வெளியே உள்ளது. 1692இல் சேலம் நகரிலே சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் ஹோதோர்னின் மூதாதையர். அந்தப் பழியைத் தம்மேல் ஏற்பதாக அவர் நாவலின் முன்னுரைப் பகுதியிலேயே எழுதினார். பிறர் பழியையும் தம் பழிபோல நாணுதல் என்றால் என்ன என்பதற்கு அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து ஓர் உரை.

பெற்றோர் எதிர்ப்பார்கள் என்பது ஆசிரியர்களின் நியாயமான பயம். காதல், களவு, கெடுதல் என்று எதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று அதிபரின் அறைக்கு வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்லக்கூடிய விடை எளிது. உங்கள் பிள்ளை ஊர்வாயைப் பற்றி ஏற்கெனவே உங்களைவிட அதிகம் அறியும். இப்போது கைத்தொலைபேசியிலிருந்து அறிகிறது. நாங்கள் உலோச்சனாரிடமிருந்து அறியட்டும் என்கிறோம். எங்கள் பத்திரிகைத் தொழிலும் இதிலே சுத்தமானதன்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுத்திருந்தும், பெயரை விட்டுவிட்டு ஊர், பாடசாலை, தகப்பனின் தொழில் என எல்லாவற்றையும் அச்சிட்ட செய்திகள் வந்ததுண்டு. ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லுக்குத் தலைப்பிலே இருந்த மவுசு இன்னும் குறையவில்லை. அலர் தூற்றுவதற்கு அச்சு இயந்திரம் கிடைத்த ஊர் என்றே அவற்றைச் சொல்லவேண்டும். ஒரு வகுப்பிலே நற்றிணை 149ஐ ஒரு பக்கத்திலும், அன்றைய இணையச் செய்தி ஒன்றை மறு பக்கத்திலும் வைத்து, எது அம்பல், எது அலர் என்று அடிக்கோடிடச் சொல்லலாம். செலவில்லாத கற்பித்தல் துணைக்கருவி.

பாடவிதானத்தை மாற்றவேண்டும், புதிய நூல்களைச் சேர்க்கவேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவை குழு அமைத்து, கூடி, கலைந்து, மறுபடி கூடுகின்ற வேலைகள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஒன்றைச் செய்தால் போதும். நமது ஆசிரியர்கள் வினாத்தாளைப் பார்த்தே பாடம் நடத்துவார்கள். அது எல்லோரும் அறிந்த இரகசியம். ‘தலைவியின் நாணம் இப்பாடலில் வெளிப்படுமாற்றை விளக்குக’ என்பதற்குப் பதிலாக, ‘இப்பாடலில் தலைவியைப் பற்றி ஊர் அறிந்தது எது, ஊர் அறியாதது எது என வேறுபடுத்திக் காட்டுக’ என்று ஒருமுறை, ஒரேயொரு முறை, கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டே ரியூட்டரிகள் அதற்குக் குறிப்பு அச்சடித்துவிடும் என்பது உண்மைதான். அச்சடிக்கட்டும். அந்தக் குறிப்பை மனனம் செய்கிற பிள்ளையாவது இரண்டையும் இரண்டு நிரல்களில் எழுதித்தானே ஆகவேண்டும்.